கியூ உண்டு, யூ இல்லை: 240 அட்டைகளில் ஒரு சொல் தேடும் பெட்டி

ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அப்பாவும் என் மகனும், எழுத்துக் கட்டைகளைப் பலகையில் அடுக்கி ஆங்கிலச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள் ஆடிக்கொண்டிருந்தார்கள். அப்பா வெகுநேரம் யோசித்துவிட்டு ஈ, என் ஆகிய இரண்டு கட்டைகளை மட்டும் எடுத்துப் பலகையில் வைத்தார்.

“தாத்தா, இப்படி ஒரு சொல்லே கிடையாது” என்றான் மகன்.

“முப்பது வருடம் கையால் எடுத்து அடுக்கியிருக்கிறேன். கிடையாது என்கிறாயே!”

அப்பா மதுரையில் ஓர் அச்சகத்தில் கம்பாசிட்டராக இருந்தவர். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கோத்துப் பக்கம் கட்டும் வேலை. சொற்களுக்கு நடுவே இடைவெளி விடுவதற்கென்று எழுத்தில்லாத வெறும் ஈயத் துண்டுகள் இருக்கும். எழுத்தின் உயரமும் அகலமும் சமமாக இருக்கும் சதுரத் துண்டின் அகலம் ஓர் ‘எம்’, அதில் பாதி ‘என்’. ஆங்கிலத்தில் அவை இரண்டும் உண்மையாகவே இரண்டெழுத்துச் சொற்கள். ஸ்கிராபிள் போட்டிப் பட்டியலிலும் இருக்கின்றன. அகராதியில் காட்டிய பிறகுதான் பையன் அடங்கினான். ஆனால் அன்று இரவே கேட்டான்: “அம்மா, தாத்தாவுக்குத் தெரிந்த மாதிரி எனக்கும் சின்னச் சின்னச் சொல்லாக வேண்டும். கியூ இருக்க வேண்டும், யூ இருக்கக் கூடாது. அந்த மாதிரி தேடுவது எப்படி?”

அகராதி முதல் எழுத்தை வைத்துத்தான் அடுக்கப்பட்டிருக்கிறது. நடுவில் கியூ இருக்கும் சொல்லை அதில் தேட வேண்டுமென்றால் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை புரட்ட வேண்டும். அவனுடைய கேள்விக்காக அடுத்த இரண்டரை மாதம் நாங்கள் செய்த வேலையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் மடிக்கணினியில் முயன்றேன். இலவசமாகக் கிடைக்கும் பழைய ஆங்கிலச் சொற்பட்டியல் ஒன்றை இறக்கினேன். வரிக்கு ஒரு சொல்லாக 1,72,000-க்கும் அதிகமான சொற்கள். பைத்தான் என்ற கணினி மொழியில் பத்து வரி எழுதி இரண்டெழுத்துச் சொற்களைக் கேட்டால் ஒன்றுகூட வரவில்லை. மூன்றெழுத்து என்று கேட்டால் இரண்டெழுத்துச் சொற்கள் வந்தன. எல்லாச் சொல்லும் ஓர் எழுத்து கூடுதலாக எண்ணப்பட்டது. அரை மணி நேரம் குழம்பிய பிறகு புரிந்தது: அந்தக் கோப்பு விண்டோஸ் முறையில் சேமிக்கப்பட்டது. ஒவ்வொரு வரியின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ‘கேரியேஜ் ரிட்டர்ன்’ என்ற குறி ஒட்டிக்கொண்டிருந்தது. தட்டச்சு இயந்திரத்தில் வரி முடிந்ததும் உருளையை மீண்டும் தொடக்கத்துக்குத் தள்ளுவோமே, அதன் பெயர்தான் அது. வரியின் இரு முனைகளையும் சுத்தம் செய்யும் கட்டளை ஒன்றைச் சேர்த்ததும் சரியாகிவிட்டது. நீங்கள் செய்தாலும் முதலில் இதைப் பாருங்கள்.

அதன்பின் தேடல் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்தது. ஆனால் பையனுக்கு அதில் பிடிப்பு வரவில்லை. பொத்தானை அழுத்தினால் பட்டியல் வருகிறது, படிக்கிறான், மறக்கிறான். அப்பாவோ திரைப்பக்கம் திரும்பவே இல்லை, கண்புரை அறுவைக்குப் பிறகு அவருக்குத் திரை கூசுகிறது. இருவரும் சேர்ந்து கையால் தேடக்கூடிய ஒன்று வேண்டும் என்று தோன்றியபோதுதான் விளிம்பு வெட்டிய அட்டைகள் நினைவுக்கு வந்தன.

கணினி பரவுவதற்கு முன் நூலகங்களிலும் ஆய்வுக்கூடங்களிலும் இருந்த முறை அது. அட்டையின் விளிம்பு ஓரமாக வரிசையாகத் துளைகள். ஒவ்வொரு துளைக்கும் ஒரு பொருள். அந்தப் பொருள் இந்த அட்டைக்குப் பொருந்தும் என்றால் துளையிலிருந்து விளிம்புவரை வெட்டித் திறந்துவிட வேண்டும். கட்டு முழுவதையும் நிமிர்த்தி ஒரு துளையில் நீள ஊசியைச் செருகித் தூக்கினால், வெட்டாத அட்டைகள் ஊசியில் தொங்கும். வெட்டிய அட்டைகள் கீழே விழும். அட்டைகளை எந்த ஒழுங்கிலும் அடுக்கி வைக்கத் தேவையில்லை. எங்களுக்கு 26 துளைகள் போதும், எழுத்துக்கு ஒன்று. கியூ துளையில் ஊசி போட்டுத் தூக்கினால் கியூ உள்ள சொற்கள் எல்லாம் விழும். விழுந்தவற்றை அள்ளி, யூ துளையில் ஊசி போட்டால் இந்த முறை தொங்குபவைதான் நமக்கு வேண்டியவை.

பொருள்கள்: 300 ஜி.எஸ்.எம். வெள்ளை அட்டை, ஏ4 அளவில் 80 தாள்கள். ஒவ்வொன்றையும் மூன்றாக வெட்டினால் 210 மி.மீ. நீளம், 99 மி.மீ. உயரத்தில் 240 அட்டைகள் கிடைக்கும். துளைக்குத் துளை 7.5 மி.மீ.; 26 துளைகளுக்கு 187.5 மி.மீ. ஆகிறது, இருபுறமும் 11 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல் மிஞ்சும். துளையின் நடு விளிம்பிலிருந்து 5 மி.மீ. உள்ளே. துளையின் அகலம் 3 மி.மீ. ஊசிக்கு முதலில் கம்பளி பின்னும் ஊசியை நினைத்தேன். நிறையத் தேவைப்படும் என்பதால் சைக்கிள் கடையில் ஸ்போக்ஸ் கம்பி இருபத்தைந்து வாங்கினேன். இரண்டு மி.மீ. கனம், நேராக இருக்கும், துருப்பிடிக்காது, விலையும் குறைவு. வளைந்த தலையை வெட்டி உப்புத்தாளில் தேய்த்துவிட்டேன்.

துளையிடுவதில்தான் முதல் தோல்வி. அட்டைகளை நூறு நூறாக அடுக்கி, ரப்பர் பேண்டு போட்டு, டிரில் இயந்திரத்தால் ஒரே மூச்சில் துளைத்தேன். மேல் அட்டையில் அழகாக இறங்கிய 3 மி.மீ. அலகு, நாற்பது மி.மீ. ஆழம் போவதற்குள் வளைந்து, கீழ் அட்டைகளில் துளை ஒன்றரை மி.மீ. விலகிவிட்டது. அதோடு துளை ஓரமெல்லாம் நார் நாராகப் பிசிறு. அந்த நூறு அட்டைகளில் அறுபதுக்கு மேல் வீண்; அவற்றுக்கு ஈடாகப் புதுத் தாள்களை வெட்ட வேண்டியதாயிற்று.

அப்பா வந்து பார்த்தார். “எழுத்துப் பக்கத்தை மெஷினில் ஏற்றும்போது சும்மாவா வைப்போம்? இரும்புச் சட்டத்துக்குள் வைத்து, நாலு பக்கமும் கட்டை கொடுத்து, ஆப்பு வைத்து முறுக்குவோம். முறுக்கவில்லை என்றால் தூக்கும்போது பக்கமே கொட்டிப்போகும். நீ என்ன, ரப்பர் போட்டு வைத்திருக்கிறாய்?” என்றார்.

அவர் சொன்னபடி 6 மி.மீ. ஒட்டுப்பலகையில் அட்டை அளவுக்கு இரண்டு துண்டுகள் வெட்டினேன். இரண்டையும் சேர்த்து ஆணியடித்து 26 துளைகளையும் அளந்து துளைத்தபின் பிரித்தேன். நடுவில் 24 அட்டைகள் மட்டும் வைத்து, இரு பலகைகளுக்கும் இடையே ஜி-கிளாம்பால் முறுக்கினேன். மேல் பலகையின் துளை அலகை நேராகப் பிடித்துக்கொள்ளும். அழுத்தம் இருப்பதால் பிசிறு வராது. பத்துக் கட்டுகள், ஒவ்வொன்றிலும் 26 துளைகள். கடைசிக் கட்டுவரை துளைகள் நேர்கோட்டில் நின்றன.

எந்தச் சொற்களுக்கு அட்டை? 240-ஐ வைத்துக்கொண்டு பேராசைப்பட முடியாது. ஆட்டத்தில் கழுத்தை நெரிக்கும் சொற்களை மட்டும் எடுத்தோம். யூ இல்லாத கியூ சொற்கள், கொஞ்சம் யூ உள்ளவையும் ஒப்பிட்டுப் பார்க்க. ஜே, எக்ஸ், இசட் வரும் குட்டிச் சொற்கள். உயிரெழுத்துகள் மட்டுமே கையில் குவிந்துவிட்டால் கொட்டித் தீர்ப்பதற்கான சொற்கள். உயிரெழுத்தே இல்லாதவை: வேல்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சி-டபிள்யூ-எம் பள்ளத்தாக்கு, சி-ஆர்-டபிள்யூ-டீ-எச் பழைய நரம்பு வாத்தியம். அப்பாவுக்காக அச்சகச் சொற்கள் சில. தமிழிலிருந்து போனவையும் இரண்டு எழுதினான் பையன்: நம் சுருட்டிலிருந்து போன ‘செரூட்’, வெட்டிவேரிலிருந்து போன ‘வெட்டிவர்’. இரண்டுமே ஏழெழுத்துச் சொற்கள். கையிலுள்ள ஏழு கட்டைகளையும் ஒரே முறையில் வைத்தால் 50 புள்ளி கூடுதல் என்பதால் அவை இரண்டின்மீதும் அவனுக்கு ஒரு கண்.

கியூ-ஐ என்ற இரண்டெழுத்துச் சொல், சீனர்கள் சொல்லும் உயிராற்றல், இறக்கிய பட்டியலில் இல்லை. பட்டியல் பழையது, அந்தச் சொல் வட அமெரிக்கப் போட்டிப் பட்டியலில் சேர்ந்தது 2006-இல். இசட்-ஏ, அதாவது பீட்சாவின் சுருக்கம், அதுவும் அதே ஆண்டுதான். இரண்டையும் கையால் சேர்த்தோம். எந்தப் பட்டியலை எடுத்தாலும் அது எந்தக் காலத்துப் பட்டியல் என்று பார்த்துவிடுவது நல்லது.

மேல் விளிம்பை வெட்டி முடித்து முதன்முதலாகச் சோதித்த நாள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டிருந்தது. சி, டபிள்யூ இரண்டிலும் கம்பி செருகித் தூக்கினோம். இரண்டு அட்டைகள் விழ வேண்டும். ஒன்றும் விழவில்லை. கட்டு முழுவதையும் உலுக்கியதும் ஒன்று மட்டும் பாதி இறங்கி நின்றது. ஈரக் காற்றில் அட்டைகள் லேசாக வளைந்து ஒன்றையொன்று கவ்விக்கொண்டிருந்தன. அலமாரியில் கேரம் பலகைக்குத் தூவும் பவுடர் இருந்தது. பையன் அட்டைகளின்மேல் அதைத் தூவி, துணியால் ஒவ்வொன்றையும் துடைத்தான். அடுத்த முறை கம்பியைத் தூக்கிய கணத்தில் வேல்ஸ் பள்ளத்தாக்கும் நரம்பு வாத்தியமும் மேசையில் சத்தமில்லாமல் வந்து விழுந்தன. அவன் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார்.

இந்த எழுத்துகளைக் கொண்ட சொல் எது என்பதற்கு இப்போது பதில் கிடைத்துவிட்டது. இரண்டு நாள் விளையாடிய பிறகுதான் இன்னொரு கேள்வி இருப்பதே எங்களுக்கு உறைத்தது. ஆட்டத்தில் என் கையில் ஏழு எழுத்துகள் இருக்கின்றன. அவற்றை மட்டும் வைத்து என்ன சொல் அமைக்கலாம்? ‘இவை இருக்க வேண்டும்’ என்பது ஒரு கேள்வி. ‘இவற்றைத் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது’ என்பது வேறு கேள்வி. நான் இவ்வளவு நாளும் இரண்டையும் ஒன்றென்றே நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது கேள்வியை மேல் விளிம்பில் கேட்க வேண்டுமானால், கையில் இல்லாத 19 எழுத்துகளுக்கும் ஒன்றன்பின் ஒன்றாகக் கம்பி போட்டு, ஒவ்வொரு முறையும் தொங்குபவற்றை மட்டும் வைத்துக்கொண்டே போக வேண்டும். ஒரு தேடலுக்குப் பத்து நிமிடம் ஆனது.

ஒரே நேரத்தில் 19 கம்பிகளையும் செருகினால் என்ன? பத்தொன்பது இடத்திலும் வெட்டுள்ள அட்டைதான் விழும், அதாவது அந்தப் பத்தொன்பது எழுத்துகளும் உள்ள சொல். அப்படி ஒரு சொல்லே இல்லை. இரவு படுத்தபின்தான் விடை வந்தது: வெட்டும் முறையைத் திருப்பிவிட வேண்டும். சொல்லில் *இல்லாத* எழுத்துக்கு வெட்டு, இருக்கும் எழுத்துக்கு முழுத்துளை. அப்போது 19 கம்பிகளையும் ஒன்றாகச் செருகித் தூக்கினால், அந்தப் பத்தொன்பதில் ஒன்றைக்கூடக் கொள்ளாத சொற்கள் மொத்தமாக விழுந்துவிடும். ஒரே தூக்கில் முடிந்தது வேலை.

அதே அட்டைகளின் கீழ் விளிம்பு காலியாகத்தானே இருக்கிறது. அங்கேயும் 26 துளைகள் போட்டோம். நான் எழுத்துகளை அட்டையின் முன்பக்கத்திலேயே தலைகீழாக, இசட்டிலிருந்து ஏ வரை எழுதத் தொடங்கினேன். அப்பா தடுத்தார். “எழுத்துக் கோக்கும் ஸ்டிக்கில் ஈய எழுத்தைத் தலைகீழாகத்தான் படிப்போம், ஆனால் இடமிருந்து வலமாகவே போகும். அட்டையையும் அப்படியே புரட்டு” என்றார். தினசரி நாட்காட்டித் தாளைப் புரட்டுவதுபோல் கீழ் விளிம்பை மேலே கொண்டுவந்தால் பின்பக்கம் நம்மைப் பார்க்கும், ஏ இடப்பக்கத்திலேயே நிற்கும். பின்பக்கத்தில் எழுத்துகளை எழுதினோம். இதனால் ஒரு பெரிய நன்மை. ஏ-க்கு நேர் கீழே ஏ, பி-க்கு நேர் கீழே பி என்று வருவதால், ஒவ்வொரு நேரிலும் மேலே அல்லது கீழே ஒரே ஓர் இடத்தில்தான் வெட்டு இருக்க வேண்டும். இரண்டிலும் இருந்தாலோ இரண்டிலும் இல்லாவிட்டாலோ அந்த அட்டை தப்பு. இப்படிச் சரிபார்த்ததில் பதினேழு அட்டைகளில் பிழை அகப்பட்டது. அப்பா அதை ‘ப்ரூஃப் பார்ப்பது’ என்றே சொன்னார்.

ஆனால் மூன்றெழுத்துச் சொல்லுக்குக் கீழ் விளிம்பில் 23 வெட்டுகள் வெட்ட வேண்டும். முப்பது அட்டை வெட்டியதும் என் கட்டைவிரல் கன்றிப்போனது. வெட்டுகளுக்கு நடுவே நிற்கும் மெல்லிய அட்டைத் துணுக்குகளும் மடங்கி மடங்கி அடுத்த அட்டையில் மாட்டின. அப்பா கத்தரியை வாங்கி, தேவையில்லாத இடத்தையெல்லாம் எட்டு மி.மீ. ஆழத்துக்கு நீளமாகவே வெட்டி எறிந்துவிட்டு, சொல்லில் உள்ள எழுத்துகளுக்கு மட்டும் பல்லைப்போல் விட்டுவைத்தார். பார்த்தால் பூட்டுச் சாவி மாதிரி இருந்தது. கம்பிக்கு அதுவே போதும். துளை இல்லாத இடத்தில் அது அட்டையைத் தொடவே தொடாது. ஓர் அட்டைக்கு ஆறு நிமிடம் ஆனது இரண்டு நிமிடமாகக் குறைந்தது. மீதி இருநூற்றுப் பத்தையும் அவரே வெட்டினார், ஒன்பது நாள் மாலையில்.

பத்தொன்பது கம்பிகளை இரண்டு கையால் சேர்த்துத் தூக்குவது எப்படி என்ற சிக்கலுக்கு விடை மேசைமேலேயே கிடந்தது. துளையிடப் பயன்படுத்திய ஒட்டுப்பலகைகளை முன்னும் பின்னும் வைத்து, நடுவே 120 அட்டைகளை நிறுத்தி, கம்பிகளைப் பலகைத் துளை வழியாகவே செருகினோம். பலகைகளின் இரு முனைகளையும் பிடித்துத் தூக்கினால் எல்லாக் கம்பியும் ஒரே மட்டத்தில் எழும்.

முதல் தேடலுக்குப் பையன் கொடுத்த ஏழு எழுத்துகள்: ஏ, ஐ, கியூ, எஃப், ஆர், ஈ, டீ. யூ இல்லை. ஸ்கிராபிள் பையிலுள்ள நூறு கட்டைகளில் கியூ ஒன்று, யூ நான்கு. இப்படி மாட்டிக்கொள்வது அடிக்கடி நடப்பதுதான். மற்ற 19 இடங்களிலும் கம்பி. தூக்கினோம். இரண்டு பாதிகளிலும் சேர்த்து 240-இல் ஆறு அட்டைகள் விழுந்தன. கியூ-ஐ. கியூ-ஏ-டீ, ஏமன் நாட்டில் மெல்லும் இலை. எஃப்-ஏ-கியூ-ஐ-ஆர், நம் பக்கீர்தான், பலகையின் கூடுதல் புள்ளிக் கட்டங்களைக் கணக்கில் கொள்ளாமலே 17 புள்ளி. ஏ-ஈ. ஏ-ஐ, மூன்று விரல் கொண்ட தேவாங்கு போன்ற ஒரு தென்னமெரிக்க விலங்கு. ஆறாவது, ஏ-ஈ-ஆர்-ஐ-ஈ, கழுகின் கூடு.

“அம்மா, கூட்டில் ரெண்டு ஈ இருக்கிறது. என்னிடம் ஒன்றுதானே?” என்றான்.

சரியாகப் பிடித்துவிட்டான். துளைக்கு உண்டு, இல்லை என்பது மட்டும்தான் தெரியும். எத்தனை என்று எண்ணத் தெரியாது. வெட்டிவேரை எடுத்துப் பார்த்தோம். வி இரண்டு, ஈ இரண்டு. ஏழெழுத்துச் சொல்லுக்கு ஐந்தே பற்கள். பையில் மொத்தமே இரண்டு வி-தான் என்பதால், எந்த எழுத்தாகவும் வைக்கக்கூடிய வெற்றுக் கட்டை இல்லாவிட்டால், ஏழையும் கையிலிருந்தே வைக்க இரண்டும் ஒருவர் கையிலேயே வந்து சேர வேண்டும். எண்ணிக்கைக்கென்று இன்னொரு வரிசை துளை போட இடமில்லை. ஆகவே எழுத்து இரட்டிக்கும் அட்டைகளின் மூலையில் அந்த எழுத்தைச் சிவப்பு மையில் எழுதிவிட்டோம். விழுந்த பிறகு கண்ணால் பார்த்து விலக்குவதுதான். கணினியில் செய்தபோது இந்தத் தொல்லை இல்லை. அங்கே ஒவ்வொரு சொல்லின் எழுத்துகளையும் அகரவரிசையில் கலைத்து அடுக்கி வைத்தேன், இரட்டை எழுத்து பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடும், எண்ணுவது எளிது.

எழுத்து எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்பதும் அட்டைக்குத் தெரியாது. 2021-இல் ஜோஷ் வார்டில் வெளியிட்டு, மறு ஆண்டு தொடக்கத்திலேயே நியூயார்க் டைம்ஸ் வாங்கிக்கொண்ட, ஐந்தெழுத்துச் சொல்லை ஊகிக்கும் வேர்டில் ஆட்டத்துக்கு இந்தப் பெட்டி உதவாது. ஐந்து இடங்களுக்கும் 26 என்றால் 130 துளைகள் வேண்டும். அதற்கு மடிக்கணினியே போதும் என்று விட்டுவிட்டேன்.

ஸ்கிராபிளை உருவாக்கிய ஆல்ஃபிரட் பட்ஸ் 1930-களின் பொருளாதார நெருக்கடியில் வேலையிழந்த நியூயார்க் கட்டடக் கலைஞர். எந்த எழுத்துக்கு எத்தனை கட்டை என்று முடிவுசெய்ய அவர் நாளிதழின் முதல் பக்கங்களில் எழுத்துகளை உட்கார்ந்து எண்ணினார். ஸ்கிராபிள் என்ற பெயர் பிறகு 1948-இல் வந்தது. இதை அப்பாவுக்குப் படித்துக் காட்டி, ஈ-க்கு 12 கட்டைகள் என்றேன். “எண்ணவே வேண்டாமே. ஆங்கில எழுத்துப் பெட்டியில் பெரிய அறை ஈ-க்குத்தான். முதலில் காலியாவதும் அதுதான்” என்றார். காற்றில் கையை நீட்டி அந்த அறை இருக்கும் இடத்தைத் தொட்டும் காட்டினார். அச்சகம் மூடி இருபத்திரண்டு ஆண்டு ஆகிறது.

பெட்டிக்கு ஒரு சட்டம் வைத்துக்கொண்டோம்: ஆட்டம் நடக்கும்போது தொடக் கூடாது, முடிந்த பிறகு, எதைத் தவறவிட்டோம் என்று தேடலாம். இதுவரை செய்த பழுதுகள்: கியூ பல் கிழிந்த அட்டைகள் மூன்று. பெரும்பாலான தேடல்களில் கையில் கியூ இருப்பதில்லை; அப்போதெல்லாம் கியூ துளையில் கம்பி ஏறி அந்த அட்டைகள் அதில் தொங்குவதால் அந்தப் பல்லுக்குத் தேய்மானம் அதிகம். கோப்புத் தாள் துளைக்கு ஒட்டும் வட்ட வில்லையை இருபுறமும் ஒட்டி, மூன்று மி.மீ. துளையைத் திரும்பத் துளைத்தேன். நிற்கிறது.

போன வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் அப்பா கியூ-யூ-ஓ-ஐ-என் என்று வைத்தார். பையன் பெட்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அந்தச் சொல்லுக்கு எங்களிடம் அட்டை இல்லை. பட்டியலில் தேடினேன், இருந்தது. குவாயின்: எழுத்துப் பக்கத்தைச் சட்டத்துக்குள் இறுக்க வைக்கும் ஆப்பு. துளையிடும்போது ‘ஆப்பு வைத்து முறுக்குவோம்’ என்றாரே, அதேதான். பையன் 14 புள்ளியை எழுதிவிட்டு, அது எப்படி இருக்கும் என்று கேட்டான். அப்பா இரண்டு தீப்பெட்டிகளைச் சாய்வாக ஒன்றோடொன்று சேர்த்து, விரலால் எதிரெதிராகத் தள்ளி, அகலம் கூடுவதைக் காட்டினார்.

மறுநாள் காலை புதுத் தாள் ஒன்றை மூன்றாக வெட்டினோம். ஒற்றை அட்டையைத் துளைத்தால் கிழியும் என்று, பழைய வீணான அட்டைகள் பத்தை மேலும் கீழும் வைத்துப் பலகைகளுக்கு நடுவே அப்பாவே முறுக்கினார். 241-ஆவது அட்டையில் சொல்லைப் பையன் எழுதினான். தாள் மூன்றாக வந்ததால் இன்னும் இரண்டு அட்டைகள் எழுதாமல் பெட்டியில் இருக்கின்றன.